ஒரு நாள் லீவு கிடைத்தால் யாரைப் பார்க்கப் போவது?

பதிவு கொஞ்சம் நீளம். ரிட்டையர் ஆகியும் மணி அடிக்கிறவரை பேசுகிற பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வர்றோம். காலையில போயிட்டு சாயங்காலம் திரும்புற மாதிரி பக்கத்துல நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்களேன்." சென்னையிலிருந்து கேட்கிறார்கள், பெங்களூரிலிருந்து கேட்கிறார்கள், துபாயிலிருந்தும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். வடக்கே சிறுமலை, தெற்கே வைகை, மேற்கே கொடைக்கானல் மலை என்று வைத்துக்கொண்டு இடம் இல்லை என்று நான் சொல்ல முடியுமா?

ஆனால் எல்லாருக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பக்கம் உனக்கு யார் இருக்கா?"

பலர் சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவன் மட்டும், "டீச்சர், நான் அருவி கேட்டா நீங்க அத்தையைச் சொல்றீங்களே" என்று எழுதினான். அவன் வகுப்பிலேயே இப்படித்தான். அவனுக்குத் தனியாக எழுதுவதை எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சின்ன வயதில் 'டூர்' என்ற சொல் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் இருந்தது. மற்றபடி 'பார்க்கப் போவது' இருந்தது. சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போவது. பெரியப்பாவுக்கு மேலுக்குச் சரியில்லை, பார்க்கப் போவது. ஒரு காரணமும் இல்லாமல், "அம்மாச்சியைப் பார்த்து நாளாச்சு" என்று போவது. மலையும் ஆறும் வழியில் தானாக வந்தன. பஸ் ஜன்னலில் பார்த்த மலை இலவசம். இப்போது மலையைப் பார்க்கக் கார் எடுத்துப் போகிறோம், அம்மாச்சி வீடு வழியில் வருகிறது, நாம் நிற்பதில்லை.

கார் வைத்திருக்கிற என் பழைய மாணவர் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கொடைக்கானல் போகிறார். வத்தலக்குண்டு தாண்டித்தான் போக வேண்டும். அவருடைய சொந்தப் பெரியம்மா வத்தலக்குண்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருக்கிறார். அந்த அம்மா என்னிடம் சொன்னது: "அவன் போட்டோ எல்லாம் போன்ல வருது டீச்சர். ஏரி நல்லாத்தான் இருக்கு." அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இப்போதெல்லாம் சொந்தக்காரர்களும் பங்குக் கோயில் சிநேகிதர்களும் சந்திப்பது இரண்டே இடத்தில். ஒன்று கல்யாண மண்டபம், இன்னொன்று கல்லறைத் தோட்டம். மண்டபத்தில் பேச முடியாது. பாட்டுச் சத்தம், மேடையில் போட்டோவுக்கு வரிசை, பந்திக்கு முண்டியடிப்பு, மொய் எழுதுகிற இடத்தில் "இனிஷியல் என்ன?" என்ற கேள்வி. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பேசலாம். யாரைப் பார்க்க வந்தோமோ அவர் மட்டும் பேசமாட்டார்.

இந்துப் பிள்ளைகள், "எங்களுக்கு மாசியில குலதெய்வம் கும்பிடு இருக்கே, பங்காளி எல்லாம் கூடுறோமே" என்பார்கள். நல்ல வழக்கம், நான் பொறாமைப்படுகிற வழக்கம். ஆனாலும் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சாப்பிட்டு, வேன் கிளம்பிவிடுகிறது. கோயில்வரை வர முடியாத அப்பத்தாவை வீட்டில் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு உபதேசியார் இருந்தார். உபதேசியார் என்றால் யாரென்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாமியார் மாசத்துக்கு ஒரு தடவை வருகிற கிளைக் கிராமங்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்து, நோயாளியைப் பார்த்து, சண்டையைத் தீர்த்து, சாவு விழுந்தால் ராத்திரி சைக்கிள் மிதித்து வந்து சொல்லி, எல்லாம் செய்தவர்கள். சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அவரிடம் ஞானோபதேசம் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ நல்ல நிலையில் இருக்கிறார்கள். போன வருஷம் அவர் இறந்தபோது தெருவில் கார் நிறுத்த இடமில்லை. அத்தனை மாலை. கேதம் கேட்டுவிட்டு எல்லாரும் எழுந்திருக்கும்போது அவருடைய மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "இத்தனை பேர் இருக்கீங்கன்னு மாமாவுக்குத் தெரியாமலே போச்சு."

கடைசி நாலு வருஷம் அவர் திண்ணையில் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாராம்.

போன் இருக்கிறதே, வீடியோ காலில் பேசுகிறோமே என்பீர்கள். எண்பது வயதில் காது மந்தமானவர்களுக்கு வீடியோ கால் ஊமைப் படம். பேரப்பிள்ளை வாய் அசைக்கிறான், இவர்கள் தலையாட்டுகிறார்கள். "சாப்பிட்டீங்களா?" "ஆங், நல்லாருக்கேன்." அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் பேசி, கையைப் பிடித்தால்தான் அது பேச்சு. இங்கிலாந்தில் 2018இல் தனிமைக்கென்றே ஒரு அமைச்சரை நியமித்தார்கள், ஜப்பான் 2021இல் நியமித்தது. நமக்கு அமைச்சர் வேண்டாம். சோழவந்தான் பஸ் இருக்கிறது, மகளிருக்கு டிக்கெட் காசும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லா டிக்கெட். வேலைக்குப் போகிறவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் பார்ப்பது வேறொன்றும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற வயசான பெண்களைக் கவனியுங்கள். கையில் முருங்கைக்காய்க் கட்டு, இல்லையென்றால் ஒரு தூக்கு வாளி. தங்கச்சி வீட்டுக்கு, மதினி வீட்டுக்கு, நாத்தனார் வீட்டுக்கு. முன்பு போகவர பஸ் காசுக்கு மகனிடம் கேட்க வேண்டும். எதுக்கு, ஏன், போன மாசம்தானே போனாய் என்று பதில் சொல்ல வேண்டும். இப்போது கேட்க வேண்டியதில்லை. அக்கா தங்கச்சி உறவைப் புதுப்பித்த திட்டம் என்றே நான் அதைச் சொல்வேன். எங்கள் வீட்டு சார் மட்டும் முனகிக்கொண்டே டிக்கெட் எடுக்கிறார்.

சரி, வழி கேட்டீர்களே, சொல்கிறேன்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் சோழவந்தான் பக்கம் போங்கள். தண்ணீர் திறந்துவிட்ட காலமாக இருந்தால் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டினவரை நாற்று. பேரணையிலிருந்து கள்ளந்திரிவரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம் என்று உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த எண்ணைப் பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ரோட்டில்தான் பார்க்க முடியும். சோழவந்தானில் இறங்கி வைகைப் பாலத்தைத் தாண்டினால் தென்கரை. தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும். கொடிக்காலுக்குள் வெயில் காலத்திலும் ஒரு குளிர்ச்சி இருக்கும், அதைப் பிள்ளைகள் ஒரு தடவை அனுபவிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் குருவித்துறை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாருக்குத்தான் சொந்தம் இல்லை? என் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா பிறந்த ஊர் வைகைக் கரையில்தான்.

முழு நாள் இருந்தால் நான் சொல்வது கம்பம் பள்ளத்தாக்கு. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாகப் போங்கள். நிலக்கோட்டையில் பூ வாசம், பெரியகுளத்தில் மாந்தோப்பு, வலது பக்கம் வழியெல்லாம் மலை. அவசரம் இல்லாதவர்கள் மதுரையிலிருந்து போடி ரயிலிலும் போகலாம். 1928இல் போட்ட லைன். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள், தேனிவரை திரும்ப ஓட 2022 மே ஆகிவிட்டது, போடிவரை 2023 ஜூன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் பார்க்காமல் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி நுழையும்போது பெரியவர்களே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

சமூக அறிவியல் டீச்சர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் போகிற வழி வெறும் வழி அல்ல. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை பென்னிகுயிக் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895இல். அந்தத் தண்ணீர் லோயர் கேம்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்து, வைகையில் கலந்து, 1959இல் திறந்த வைகை அணையில் நின்று, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாயாகப் பிரிந்து, நம் வாடிப்பட்டி வயலுக்கு வருகிறது. நீங்கள் கம்பம் போகும்போது நம் வீட்டுச் சோற்றுக்குத் தண்ணீர் வந்த வழியில் எதிர்த்துப் போகிறீர்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே போங்கள். போனைக் கீழே வைப்பார்கள். பத்து நிமிஷமாவது வைப்பார்கள்.

அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது 1981இல். ஆர்.சி. பள்ளிக்கூட வேலை என்றால் மாறுதல் உண்டு. அப்போது மதுரை உயர்மறைமாவட்டம் என்பது தேனிப் பக்கமும் உண்டு, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமும் உண்டு. 1987இல்தான் சிவகங்கை தனி மறைமாவட்டமானது. அதனால் எங்கள் தலைமுறை டீச்சர்களுக்கு ஊர் ஊராகச் சிநேகம். கூட வேலை பார்த்தவர்கள், ஹாஸ்டல் வார்டனாக இருந்த சிஸ்டர்கள், கோயில் பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர், என் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவர். ரத்த சம்பந்தம் இல்லை. ஆனால் என் பிள்ளைக்கு அம்மை போட்டபோது பத்து நாள் கஞ்சி கொண்டுவந்தது சொந்தக்காரர்கள் இல்லை, இவர்கள்தான்.

ராயப்பன்பட்டியில் ஒரு அக்கா இருக்கிறார். ஹாஸ்டலில் சமையல் செய்தவர். உங்களில் சிலர் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்று அங்கே சொல்வார்கள். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிப்ரவரியில் போயிருந்தேன். அக்காவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்காது. முழங்கால் மடங்காது. ஆனால் ஞாபகம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்த வரிசையை இடமிருந்து வலமாகச் சொன்னார். "அந்தக் கடைசியில உக்காருவானே, பாகற்காயை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போடுவானே, அவன் இப்பவாச்சும் சாப்பிடுறானா?" என்று கேட்டார். சம்பந்தப்பட்டவர் மின்வாரியத்தில் நல்ல வேலையில் இருக்கிறார், இதைப் படித்துக்கொண்டும் இருக்கிறார். ஐயா, பதிலை என்னிடம் சொல்லாதீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள்.

கிழக்கே போகிறவர்களுக்கு இடைக்காட்டூர். மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரை பஸ். வழியில் கீழடி, 2023இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முத்தனேந்தலில் இறங்கி வைகையைத் தாண்டினால் இடைக்காட்டூர். பிரான்சில் உள்ள ரேம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் கட்டிய திரு இருதய ஆலயம். பொட்டலில் திடீரென்று அந்தக் கோபுரம் தெரியும்போது யாருக்கும் ஒரு நிமிஷம் பேச்சு வராது. இப்போது அங்கே நிறையக் கார்கள் வருகின்றன. போட்டோ எடுக்கிறார்கள், கல்யாண ஜோடிகள் வருகிறார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அதே ஊருக்குள் என்னோடு டிரெய்னிங் படித்த சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். "ஞாயித்துக்கிழமை ரோடு பூரா காரு. ஒருத்தர்கூட வாசல்ல தண்ணி கேட்டு நின்னதில்ல. பாட்டில் வச்சிருக்காங்க" என்றாள்.

கொடைக்கானல் போகத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ். 2025 கோடையில் வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டிக்கு மேல் கிடையாது என்றார்கள். பாஸ் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். வத்தலக்குண்டில் பஸ் ஏறி, டம்டம் பாறையில் எலிவால் அருவியைப் பார்த்துக்கொண்டு, ஊத்து தாண்டி, பெருமாள்மலையில் இறங்கினால் ஏரியும் இல்லை, படகும் இல்லை. மலைச் சரிவில் நாலு வீடு, பிளம்ஸ் மரம், அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிற ஆட்கள். நான் கொடைக்கானல் என்று நினைப்பது அதைத்தான்.

இ-பாஸ் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. 2020இல் பக்கத்து மாவட்டத்துக்குச் சாவுக்குப் போகவே இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. அடக்கத்துக்கு 20 பேர்தான் என்றார்கள். அப்போது நாம் எல்லாரும் என்ன பேசினோம்? "இது மட்டும் முடியட்டும், எல்லாரையும் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கணும்" என்று பேசினோம். முடிந்து வருஷம் ஆகிறது.

இனி எதிர்க்கட்சி. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் பழைய மாணவிகள்தான் முதலில் சண்டைக்கு வருவார்கள், நியாயமாகத்தான் வருவார்கள். "டீச்சர், நீங்க பாட்டுக்கு எல்லாரையும் கிளப்பி விடுறீங்க. வந்து இறங்கினா சமைக்கிறது யாரு? பாத்திரம் கழுவுறது யாரு? ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் எங்களுக்கு." முழுக்க உண்மை. பழைய காலத்தில் பார்க்கப் போவது இனிமையாக இருந்தது என்று பேசுகிற ஆண்களிடம், அந்த இனிமை யார் அடுப்படியில் வெந்தது என்று நான் கேட்பதுண்டு. ஆறு பேர் காரில் சொல்லாமல் வந்து இறங்கி, கோழி அடிக்கச் சொல்லி, சாப்பிட்டு, அந்த வீட்டுக் கட்டிலிலேயே குறட்டை விட்டுத் தூங்கி, போகும்போது "மதினி, குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போன மாமாக்களை எனக்கும் தெரியும்.

அதனால் என் கணக்கில், பார்க்கப் போகிறவர்கள்தான் வேலை செய்ய வேண்டும். முதல் நாளே போன் பண்ணி, "மதியச் சாப்பாடு நாங்க கட்டிக்கிட்டு வர்றோம், காப்பி மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல் போதும். அந்த வீட்டு அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கள். ஒருவேளையாவது அடுத்தவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடட்டும். நாலைந்து பேருக்கு மேல் போகாதீர்கள். இரண்டு மணி நேரம், அதற்குமேல் பெரியவர்களுக்கு அசதி. பையன்கள் தட்டு கழுவட்டும், கை தேயாது. கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று நினைவிருக்கும். மரியாள் எலிசபெத்தம்மாவைப் பார்க்க மலைநாட்டுக்குப் போனது விருந்து சாப்பிட இல்லை. மாசமாக இருந்த வயசான பெண்ணுக்குக் கூடமாட இருக்கப் போனார். மூன்று மாசம் இருந்தார். நமக்கு ஒரு நாள்தான்.

ஸ்வீட் பெட்டி வாங்கிப் போகாதீர்கள். பாதி வீட்டில் சர்க்கரை. டஜன் கணக்கில் ஆப்பிளும் வேண்டாம், பல் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டுப் போங்கள். ஒருவர் என்னிடம் கேட்டது டார்ச் லைட்டுக்கு பேட்டரி. இன்னொருவர் கேட்டது பெரிய எழுத்துச் செபப் புத்தகம். கிளம்பும்போது கையில் ஐந்நூறு ரூபாய் வைத்து, "வெத்தலபாக்குக்கு வச்சுக்கங்க" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மகன் எதிரில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கோயில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தவக்காலம் வந்தால் வேன் பிடித்து ஒரே நாளில் ஏழு கோயில் பார்க்கிறோம். ஏழாவது கோயிலில் பாதிப் பேர் வேனை விட்டு இறங்குவதில்லை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதை யோசியுங்கள்: பங்கில் படுக்கையாக இருக்கிறவர்களுக்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோகிறார். அவர்கள் பெயர் லிஸ்டில் இருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் இதே பங்கில் இருந்து, கோயில் கூட்டி, பீடத்துக்குப் பூ வைத்து, வயசான காலத்தில் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள் எந்த லிஸ்டில் இருக்கிறார்கள்? பழைய பங்கில் அட்டையிலிருந்து பெயரை அடித்தாயிற்று. புதிய பங்கில் அவர்களை யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் செப்டம்பரில் நம் ஆரோக்கிய அன்னை திருவிழாவுக்குக் கொடியேறுமுன், ஒவ்வொரு அன்பியமும் ஒரே ஒரு வேன் பிடித்து, அப்படிப் போனவர்களில் நாலு பேரைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வழியில் ஏதாவது ஒரு கோயிலும் வரத்தான் செய்யும்.

பஸ் பற்றிப் புலம்பல் ஒன்று பாக்கி. நாலுவழிச்சாலை வந்தபிறகு தூர பஸ்கள் பல ஊருக்குள் வருவதில்லை. "வாடிப்பட்டியா? பைபாஸ்ல இறங்கிக்கிறீங்களா?" என்கிறார் கண்டக்டர். ராத்திரி எட்டு மணிக்குப் பைபாஸில் இறங்கி ஒரு வயசான பெண்பிள்ளை எப்படி ஊருக்குள் வருவாள்? அதனால்தான் சாயங்காலம் நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள் என்று சொல்கிறேன். கார் இருக்கிறவர்கள் உங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெரியவரை அவருடைய அக்கா ஊர்வரை ஏற்றிப் போகலாம். பின் சீட் காலியாகத்தானே போகிறது.

அருவி கேட்ட பையனுக்கு: தம்பி, நம் தாலுகாவிலேயே குட்லாடம்பட்டி அருவி இருக்கிறது, மழைக்காலத்தில்தான் தண்ணீர். நீ கேட்பது மே மாசம். உன் அத்தை வீடு தென்கரையில் இருக்கிறது, உன் அப்பாவிடம் கேள், வாசலிலிருந்து ஆறு தெரியும்.

கமெண்டில் ஹார்ட் போடுவதற்குப் பதில், இந்த லீவில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும். அந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வர நினைக்கிறவர்கள் புதன்கிழமை மட்டும் வர வேண்டாம், அன்றைக்கு எங்கள் வீட்டு சாருக்குக் கண் ஆஸ்பத்திரி. மற்ற நாளில் காலை பத்து மணிக்குமேல் வாருங்கள். வரும்போது அரை லிட்டர் பால் வாங்கி வந்தால் காப்பி உடனே கிடைக்கும்.